சுவரில் சிரிப்பவளுக்கு ஒரு திரை

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் விளக்கு வைக்கக் கூடாது. சுவரில் சிரிப்பவளுக்கு அது இடைஞ்சல்.

சுவர் என் வீட்டுச் சுவர்தான். உள்பக்கத்துக்கு நான் வாடகை கொடுக்கிறேன். வெளிப்பக்கத்தை வீட்டுக்காரர், 'முத்தழகு' என்கிற பற்பசைக் கம்பெனிக்கு விட்டுவிட்டார். இருட்டில் மின்னும் பெயின்டால் அவர்கள் அதில் ஒரு பெண்ணின் முகத்தை வரைந்தார்கள். முகத்தில் முக்கால்வாசி வாய். பகல் முழுக்க வெயிலைக் குடிப்பாள். பொழுது சாய்ந்ததும் பல் பச்சையாக எரியும். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பல்லை நாக்கால் தடவிக்கொள்வார்கள்.

நான் தையல்காரி. பேர் மரகதம். ஜாக்கெட் தைக்கிறவளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் இருட்டு மேற்பார்வையாளரை அனுப்பினார்கள்.

அவர் பேர் அருமைநாயகம். சிரித்த முகம். கம்பெனி ஆட்கள் வேலையில் இருக்கும்போது சிரித்த வாயை மூடக் கூடாது. என் அறை நடுவில் நின்று, இருட்டை இரண்டு விரலுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நைஞ்ச இருட்டும்மா இது. ஓட்டை வேற இருக்கு."

"ஓட்டை இல்ல சார். ஜன்னல்."

"நாளைக்கு நல்ல இருட்டா அனுப்புதேன்."

"எனக்கு லைட்டுதான் வேணும்."

"எல்லாரும் இதையேதான் கேக்காங்க," என்று சொல்லி, பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். பையில் போன பிறகும் அது கொஞ்சதூரம் எரிந்தது.

மறுநாள் குட்டியானை வண்டியில் இருட்டு வந்து இறங்கியது. துணிக்கட்டு மாதிரி பேல் பேலாகக் கட்டி அடுக்கினார்கள். அதற்குப் பிறகு வீடு நீண்டுவிட்டது. அடுப்படிக்கு ஷேர் ஆட்டோவில் போக வேண்டியிருந்தது. பீரோ பக்கத்தில் டிரைவர் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டார். அவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கிருந்த கோபத்தில் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜன்னலில் பச்சை வெளிச்சம் அசைந்தது.

"அக்கா, வாய் வலிக்கி."

எட்டிப் பார்த்தேன். சுவரில் இருப்பவள்தான் பேசினாள். உதட்டோரம் கீறல் விட்டிருந்தது. உள்ளே செங்கல் தெரிந்தது.

"மூடிக்கோயேன் தாயி."

"மின்னுத வரைக்கும் மூட முடியாதுக்கா. விடியப் போற நேரத்துல லேசா மூட வரும். அதுக்குள்ள வெயில் வந்து திறந்துரும்."

"உன் பேரு என்ன?"

"பேரு எழுதலக்கா. பற்பசை பேருதான் எழுதியிருக்காங்க."

பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பெயின்டர்கள் வருகிறார்கள். இன்னொரு வரிசை பல் வைக்கப் போகிறார்கள். வாய் தாங்காது, கிழிந்துவிடும். சொல்லிவிட்டு அழுதாள். சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அருமைநாயகம் வந்ததும் வழிமறித்தேன்.

"அவளுக்கு வாய் வலிக்காம். பல்லு வைக்காதீங்க."

"யாருக்கும்மா?"

"சுவத்துல இருக்காள்ல, அவளுக்கு."

"விளம்பரத்துக்கு வாய் கிடையாதும்மா. பல்லுதான் உண்டு."

"வந்து பாருங்க, கிழிஞ்சிருக்கு."

"நீங்க ரொம்ப வெளிச்சத்தப் பாத்துட்டீங்க," என்றார். இன்னும் இரண்டு பேல் அனுப்பினார்.

படுக்க இடமில்லை. ஒரு பேல் மேல் சாய்ந்தேன். கை தானாகத் துணியைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்தது. நல்ல சரக்கு. பன்னா பெரிசு, அகலம் தாராளம். நூல் பிரியவில்லை. சாயம் போகிற ஜாதி இல்லை. இதைப் போய் சும்மா அடுக்கி வைத்திருக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன்.

இருட்டு சுத்தமாக வெட்டுப்பட்டது. ஆனால் ஊசிக் காது தெரியவில்லை.

"தாயி, மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பு."

"எதுக்குக்கா?"

"உனக்குத்தான் தைக்கேன்."

அவள் திரும்பினாள். சுவர் கறகறவென்றது. அவள் பல் வெளிச்சத்திலேயே துண்டு துண்டாக இணைத்தேன், ஓரம் அடித்தேன். என்னதான் அவசரம் என்றாலும் ஓரம் அடிக்காமல் எதையும் வெளியே கொடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வெயில் வருவதற்கு முன்னால் மொட்டைமாடி ஏறித் திரையைத் தொங்கவிட்டேன். உள்ளே கடை ஷட்டர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வாய் மூடிய சத்தம். அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு. என் கண் நிறைந்துவிட்டது.

வெயில் வந்தது. திரையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தது. வழி கிடைக்காமல் எதிர்வீட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் கடைக்குப் போய்ப் புது பல்பு வாங்கினேன். பெரிய பல்பாகவே கொடுக்கச் சொன்னேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் விளக்கு வைத்தேன். வீடு சுருங்கி ஒழுங்காக நின்றது. வாசலில் அருமைநாயகம் நின்றார். அவருக்குப் பின்னால் பெயின்டர்கள் ஏணியோடு நின்றார்கள்.

"விளம்பரம் எங்கம்மா?"

"அவ தூங்குதா."

"எழுப்புங்க."

"மாட்டேன்."

"அது கம்பெனி இருட்டு."

"ஆமா. தச்சது நான்."

"லைட்டு வேற எரியுது."

"எரியும். நாளைக்கும் எரியும்."

பெயின்டர்கள் ஏணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அருமைநாயகம் மட்டும் நின்றார். பல்பு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. சிரித்த வாயின் ஓரத்தில் ஒரு கீறல். அதுவரை நான் கவனிக்கவில்லை.

"கம்பெனி சும்மா விடாதும்மா. லோடு லோடா இருட்டு இறக்குவாங்க."

"இறக்கச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவத்துல இன்னும் நாலு பேரு சிரிச்சிட்டே நிக்காங்க."

அவர் போகவில்லை. தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண் சிரிக்கவில்லை.

நான் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தேன்.

"கிட்ட வாங்க சார். அளவெடுக்கணும்."