எட்டு மணிக்கு இரண்டு ரிங்

இரண்டு ரிங் அடித்து நின்றால், ஜோஸ் ரூமுக்கு வந்துவிட்டான், நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போன இரண்டு வருடமாக டோரதியின் வீட்டில் இதுதான் சட்டம்.

இன்று வியாழன். ஆம்பூர் ரயில்வே லைனை ஒட்டிய வீட்டில், டோரதி செல்போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி எட்டு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம். இன்று அது அடிக்கக் கூடாது. அடிக்க வழியே இல்லை.

மத்தியானம் அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு இவாஞ்சலின் போன் செய்திருந்தாள். அக்கா மகள். அவளும் பெங்களூரில்தான் இருக்கிறாள்.

"சித்தி, ஜோஸ் ஹைதராபாத் போயிருக்கானாமே? கேக் குடுக்கலாம்னு ரூமுக்குப் போனா பூட்டு தொங்குது. திங்கக்கிழமை காலையிலயே போய்ட்டானாம், வர ரெண்டு வாரம் ஆவும்னு ஓனரம்மா சொல்றாங்க. உன்கிட்ட சொன்னானா?"

"சொன்னானே" என்றாள் டோரதி. சொல்லவில்லை.

ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் எட்டு மணிக்கு இரண்டு ரிங் வந்தது. மூன்று நாளும் அவன் ரூம் லேண்ட்லைன் நம்பர்.

பூட்டிய ரூமுக்குள் யார்?

அதன் பிறகு வேலை ஓடவில்லை. அவள் வேலையே போன் லைனோடுதான். காலையில் மோடம் போட்டு இன்டர்நெட்டைப் பிடித்து, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களின் மெயில்களை இறக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருமுறை மோடம் டயல் செய்ய வேண்டிய நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டாள். மோடம் பெட்டிக்குள்ளிருந்த சின்ன ஸ்பீக்கரில் யாரோ ஒரு பெரியவர், "அலோ! யார்யா அது? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று ஆபீசுக்கே கேட்கும்படி கத்தினார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நயீம் அகமது மேஜையைத் தட்டிச் சிரித்தான். "இன்னா மேடம், இன்டர்நெட்டே உங்களத் திட்டுது!"

அந்த நயீம் சொல்லும் சின்னச் சின்ன உபாயங்களையும், வாரப் பத்திரிகையில் வரும் கம்ப்யூட்டர் துணுக்குகளையும் டோரதி ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். பேட்டரி சீக்கிரம் தீராமலிருக்க என்ன செய்வது, அழித்த ஃபைலை எங்கே தேடுவது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காக. சாப்பிட்டாயா, கோயிலுக்குப் போனாயா என்று கேட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதற்கு மேல் அவனை லைனில் நிறுத்திவைக்க அவளிடம் அந்த நோட்டு ஒன்றுதான் இருந்தது. "அது எனக்குத் தெரியும்மா" என்பான் பெரும்பாலும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை மட்டும், "அட, இது நல்லா இருக்கேம்மா!" என்றான். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்த முகமாகத் திரிந்தாள்.

மணி எட்டு.

போன் அடித்தது. திரையில் ஜோஸின் ரூம் நம்பர்.

முதல் ரிங். திருடனா? வேறு யாராவது? இரண்டாவது ரிங் முடிவதற்குள் டோரதி சட்டத்தை மீறினாள். பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

"யாரு?"

பீப்.

மூச்சுச் சத்தம்கூட இல்லை. இரண்டு நொடி கழித்து மறுபடியும், பீப்.

தினமும் காலையில் கேட்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எதிர்ப்பக்கம் இன்னொரு மோடம் இருக்கிறதா என்று தேடும் சத்தம்.

ஜோஸ் நல்லா இருக்கே என்று சொன்ன அந்தத் துணுக்கு, நோட்டின் பக்கத்தோடு அப்படியே கண்முன் வந்தது. நயீம் சொன்னது, அவள் கையெழுத்தில். 'நேரம் குறித்து வைத்துவிட்டால் கம்ப்யூட்டரே டயல் செய்யும். சொன்ன ரிங்குக்குள் யாரும் எடுக்காவிட்டால் அதுவே வைத்துவிடும். நாம் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை.'

முன்பெல்லாம் ஏழே முக்காலுக்கு வரும், எட்டே காலுக்கு வரும், ஒருநாள் ஒன்பதரைக்கு வந்தது. நேரத்தை வைத்தே பஸ் கிடைத்ததா, மழையில் மாட்டினானா என்று அவள் கணக்குப் போடுவாள். இந்த இரண்டு மாதமாகத்தான் கரெக்டாக எட்டு. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நயீமிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

பீப்.

எடுத்துவிட்டதால் இனி முழு ஒரு நிமிடம் தேடிவிட்டுத்தான் வைக்கும். கட் செய்யக் கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அப்போதுதான் மோடம் பெட்டிக்குள்ளிருந்து கத்திய அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார்.

அவள் கேட்ட "யாரு?" பெங்களூரில், பூட்டிய ரூமில், அவன் மேஜைமேல் இருக்கும் மோடம் ஸ்பீக்கரில் கேட்டிருக்கும்.

டோரதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஜோஸ்... அம்மாடா."

பீப்.

"ஹைதராபாத் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. சரி, வுடு. வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும். இங்க மழை. உன் நீலச் சட்டையத் துவைச்சு வெச்சிருக்கேன், காயவே மாட்டேங்குது. மேட்டுத் தெரு நாய் குட்டி போட்டிருக்கு, நாலு. அதுல ஒண்ணு நம்ம வாசல்லயே..."

லைன் கட்டானது.

போன் கையில் சூடாக இருந்தது. சில நொடிகளில் திரையின் வெளிச்சம் அணைந்தது. ஒரு பொத்தானைத் தொட்டாள், எரிந்தது. பிறகு அணைந்தது. மறுபடி தொட்டாள். 8.01.

எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். புதிய பக்கம் திருப்பி, நாளைய தேதியைப் போட்டாள். அதன் கீழே எழுதினாள்: 'நாய்க்குட்டி, வெள்ளை.'