மேல் அலமாரியின் சத்தம்

இருபத்திரண்டு வருடங்களில் அவள் அறைந்த கன்னங்களை வரிசையாக நிற்க வைத்தால், ஊரை மூன்று சுற்று சுற்றிவிட்டு, இடம் போதாமல் மிச்சப்பேர் பக்கத்து ஊரில் போய் நிற்க வேண்டியிருக்கும். மருமகள் கன்னம், மகள் கன்னம், காப்பியில் சர்க்கரை குறைந்த குற்றத்துக்காக வேலைக்காரியின் கன்னம், ஒரு தொடரில் ஆள் மாறாட்டத்தில் தபால் கொண்டுவந்தவளின் கன்னம். இத்தனைக்கும் அவள் ஒரு கொசுவை அடிப்பதானாலும் இரண்டு முறை யோசிக்கிறவள். தொலைக்காட்சித் தொடர்களுக்குச் சத்தம் போட்டுக் கொடுப்பது அவள் உத்தியோகம். நடிகர் காற்றில் கையை வீசுவார், நடிகை முகத்தைத் திருப்புவாள், நடுவில் கேட்கிற 'பளார்' மட்டும் இவளுடையது. நான்காக மடித்த ஈரத்துண்டு ஒன்று, பழந்துணி அடைத்த தோல் கைப்பை ஒன்று, ஓங்கி ஒரு போடு. ஸ்டூடியோவில் அவளுக்கு டமாரக்கா என்று பெயர்.

டமாரக்காவின் காது இருக்கிறதே, அதைக் காது என்று சொல்வதே அவமரியாதை. அது ஒரு நீதிமன்றம். கண்ணைக் கட்டி உட்கார வைத்து, தெருக்கோடியில் ஒரு கதவைச் சாத்தினால் போதும். மரக்கதவா, ஒட்டுப்பலகைக் கதவா, சாத்தினவர் கோபத்தில் இருந்தாரா, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்பது வரை தீர்ப்பு வந்துவிடும். இதை அவளே எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாள். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் அவள் தங்கை மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

தங்கை நாலு வருடத்துக்கு முன்பு புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தவள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இடது காது மடலில் இருந்த தையல் சொன்னது. வந்த நாளிலிருந்து டிவி பார்க்கும்போது ரிமோட் அவள் கையை விட்டு இறங்கியதில்லை. கட்டை விரல் சத்தத்தை அணைக்கிற பொத்தான் மேலேயே இருக்கும். திரையில் ஓர் ஆண் கை இடுப்புக்கு மேலே எழும்பினால் போதும், வீடு ஊமையாகிவிடும். பாவம், அந்தக் கை பல சமயம் தலை சொறியத்தான் எழுந்திருக்கும். எப்படியோ, டமாரக்காவின் உழைப்பில் பாதி அவள் வீட்டுக்குள்ளேயே கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் 'ஒன்பதாவது மாடி' வந்தது. எழுதினவள் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். அதனால் எல்லோருக்கும் டீச்சர். கதாநாயகி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். திருப்புளியும் கையுமாக உயரக் கட்டடங்களில் ஏறி இறங்குவாள். முதல் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: இந்தக் கதையில் எந்தப் பெண் மேலும் கை விழாது. காட்டியும் விழாது, காட்டாமலும் விழாது.

சேனலில் இருந்து வரும் ரேட்டிங் சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடிக்காம எப்படி மேடம் அழ வைப்பீங்க?"

"லிஃப்ட் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நின்னுடுச்சு, உள்ள அவளோட மாமியார். போதாதா சார்?"

போதும் என்று ஊர் சொன்னது. பதினேழாவது நாள் டமாரக்காவின் தங்கை ரிமோட்டைத் தரையில் வைத்தாள். நாற்பதாவது நாள் அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது, தேடுவாரில்லை. ஏழு மணியிலிருந்து ஏழரை வரை இரண்டு கையையும் வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு, துணி மடித்துக்கொண்டே டிவி பார்த்தாள், சிரித்தாள், திரையிலிருந்த மாமியாருக்குப் பதில் சொன்னாள். சைக்கிள் செயினையும் பிஸ்கட் டப்பாவையும் வைத்து அக்கா உண்டாக்கிய லிஃப்ட் சத்தத்தைக் கேட்டு, "இது எப்படிக்கா பண்ணின?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் டமாரக்கா வாங்கிய ஒரே விருது அதுதான்.

எண்பத்தோராவது பகுதி. அன்று மாலை ஒளிபரப்பாக வேண்டியது மதியம்தான் சத்த அறைக்கு வந்தது. மிக்ஸிங் அண்ணன் கடிகாரத்தைப் பார்ப்பதும் காதில் ஹெட்ஃபோனை மாட்டுவதுமாக இருந்தார். காட்சி இதுதான்: மனைவி, அதான் லிஃப்ட்காரி, லைசென்ஸ் பரீட்சைக்கு வெளியூர் போகிறாள் என்று புருஷனுக்குக் கோபம். கோபத்தை விழுங்கிக்கொண்டு, சமையலறை மேல் அலமாரியை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறான். கேமரா மனைவி முகத்தில் இருக்கிறது. டமாரக்காவின் பக்கத்தில் அலமாரிக்கென்றே ஓர் ஒட்டுப்பலகைக் கதவு கீலோடு தயாராக நின்றது.

திரையில் ஆண் கை எழுந்தது. படத்தை விட்டு வெளியே போனது. பெண் கண்ணை மூடினாள். டமாரக்காவின் வலது கை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துண்டை எடுத்துப் பை மேல் போட்டது ஒரு போடு.

அவளுக்கே தெரியவில்லை. மிக்ஸிங் அண்ணனுக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் அந்தச் சத்தம் அவ்வளவு வசதியாகப் போய் உட்கார்ந்துகொண்டது, பிறந்ததிலிருந்து அங்கேயே குடியிருப்பது போல.

ஏழு மணிக்குத் தங்கை ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தாள். 'பளார்' என்றது டிவி. போர்வை கீழே விழுந்தது. தங்கை மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் தோள் வரை கையை விட்டுத் துழாவி, ஒட்டடையோடு ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். லிஃப்ட்காரியின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது.

டமாரக்கா சுவரோடு சுவராக நின்றாள்.

"உன் துண்டுதானே?" என்றாள் தங்கை, திரும்பாமல்.

"எந்தத் துண்டு?"

"கொடியில காயுதே, அது. தினம் நான்தான் துவைச்சுப் போடறேன்."

மறுநாள் ஸ்டூடியோ தொலைபேசி காலை ஒன்பதுக்கு அலற ஆரம்பித்தது. மதியத்துக்குள் சூடேறி, துணியைச் சுற்றிக்கொண்டுதான் தொட முடிந்தது. பாதிப்பேர் அந்தப் புருஷனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். சிலர், நிம்மதியாக ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம், அதிலும் மண்ணைப் போட்டீர்களா என்று அழுதுவிட்டு வைத்தார்கள். ரேட்டிங் சார் கால் தரையில் படாமல் டீச்சரிடம் மிதந்து வந்தார். எண்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தன.

"என்ன மூளை மேடம் உங்களுக்கு! காட்டாமலே அடிச்சிட்டீங்களே!"

"யாரும் யாரையும் அடிக்கல சார். அவன் அலமாரியைச் சாத்தினான்."

"அத வெளிய சொல்லிடாதீங்க. மறுப்பு, மன்னிப்பு எதுவும் வேண்டாம். அடிச்சானா இல்லையான்னு ஊரே மண்டைய உடைச்சுக்கட்டும். வெள்ளிக்கிழமை காட்டியே அடிச்சிருவோம்."

"அப்ப நான் எழுத மாட்டேன்."

"எழுத ஆளா கிடைக்காது? வர்றவர் முதல் சீன்லயே நாலு போடுவாரு. பாத்துக்கோங்க."

டீச்சர் நேராகச் சத்த அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கோபத்தில்தான் சாத்தினாள் என்று சொல்ல நீதிமன்றம் தேவைப்படவில்லை.

"இந்த ஆளு யாரையோ வச்சு சத்தத்த மாத்தியிருக்கான்க்கா. ஒரு அலமாரிய வச்சு என் எண்பது நாளையும் தூக்கிக் குப்பைல போட்டுட்டான்."

சும்மா தலையாட்டியிருந்தால் பழி சார் தலையில் பாந்தமாக உட்கார்ந்திருக்கும். அவர் தலையும் அதற்குப் பொருத்தமான தலைதான். டமாரக்காவுக்கு 'ஆமாம்' வாய் வரை வந்தது. ஆனால் சோபாவுக்கு அடியில் துழாவிய கை கண்ணில் நின்றது.

"அவர் இல்ல, டீச்சர். நான்தான்."

"நீங்களா? மிரட்டினானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. பழகின கை. ஆம்பளை கை மேல போனா என் கை கீழ வருது. எனக்கே ஏழு மணிக்குத்தான் தெரிஞ்சுது."

டீச்சர் துண்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"காட்டாமலும் விழாதுன்னு எழுதினேன்க்கா," என்றாள்.

அவ்வளவு வேதனையிலும் வழி சொன்னது டமாரக்காதான். இனிமேல் அந்த மேல் அலமாரியை யார் சாத்தினாலும் அதே சத்தம் கேட்கட்டும். மாமியார் சாத்தினாலும் பளார், காற்றில் சாத்திக்கொண்டாலும் பளார். மூன்றே நாளில் ஊருக்கே புரிந்துவிடும், அன்றைக்கு விழுந்தது அடி இல்லை, அலமாரி என்று. மறுப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை, சாரால் ஒரு வார்த்தை பேச முடியாது. டீச்சர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள், குற்றம் செய்த அதே கையை.

டமாரக்கா அன்று வீட்டுக்கு நடந்தா வந்தாள், பறந்தல்லவா வந்தாள்! தங்கை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முழுத் திட்டத்தையும் கொட்டினாள்.

தங்கை குழாயை மூடினாள்.

"அலமாரின்னு சொல்லப் போறீங்களா?"

"அலமாரிதானேடி!"

"நானும் அதத்தான் சொன்னேன்."

"எப்ப?"

"ஃபோன்ல. அந்த வீட்ல இருந்தப்ப. நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே விழுந்துச்சு. 'என்னடி சத்தம்'னு கேட்ட. மேல் அலமாரி காத்துல சாத்திக்கிச்சுன்னேன். 'கீல்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு'ன்னு சொல்லிட்டு வச்சிட்ட."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"தெரியாம போச்சுடி."

"உனக்கா?"

ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டுத் தங்கை மறுபடி குழாயைத் திறந்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஒரு தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். தெருக்கோடிக் கதவுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன காது, தினம் பத்துத் தடவை அந்தச் சத்தத்தைத் தானே உண்டாக்கிய காது, அன்றைக்கு அலமாரிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியிருந்தது. அலமாரி என்று நம்புவது சுலபமாக இருந்தது. அடுப்பில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது, அவளுக்கு ஃபோனை வைக்க வேண்டியிருந்தது.

காலையில் டீச்சரிடம் போய் நின்றாள். முகத்துக்கு ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"டீச்சர், அலமாரி மட்டும் பத்தாது. அலமாரின்னு சொன்னா நம்பிட்டுப் போறவங்க ஊர்ல நிறைய இருக்காங்க. நானே இருக்கேன். யாராவது வந்து கேக்கணும். கேட்டுட்டு ஃபோன வைக்காம நிக்கணும்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள்.

எழுதியதை ரேட்டிங் சார் இரண்டு முறை படித்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து கதவைத் தட்டி, என்ன சத்தம் என்று கேட்கிறாள், நாளைக்கும் வருவேன் என்கிறாள். சாருக்குப் பிடித்துவிட்டது. "சந்தேகம் நீளுது, நல்லதுதான். அடியை அடுத்த வெள்ளிக்கு வச்சுக்கலாம்," என்று பெரிய மனது பண்ணினார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். கிடைத்தது ஒரு வாரம்.

ஒளிபரப்பு நாள். தங்கை ரிமோட்டை மடியில் வைத்திருந்தாள். கட்டை விரல் பழைய இடத்தில் இருந்தது. டமாரக்கா நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள்.

திரையில் தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். "நேத்து ஒரு சத்தம் கேட்டுச்சே, என்னம்மா?"

"மேல் அலமாரிக்கா," என்றாள் லிஃப்ட்காரி.

தையல்காரி போகவில்லை. செருப்பை வாசலில் விட்டாள், சமையலறைக்குள் போனாள், அலமாரியைத் திறந்தாள், சாத்தினாள்.

பளார்.

வீடு ஊமையானது. தங்கையின் விரல் வெளுத்துப்போயிருந்தது. திரையில் தையல்காரி இன்னொரு முறை சாத்தினாள், சத்தமில்லாமல். பிறகு லிஃப்ட்காரியின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். தங்கை அந்த உதடுகளைப் பார்த்தாள், கழுத்தை முன்னால் நீட்டினாள். என்ன சொல்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"...அலமாரிதான்னு இப்ப தெரிஞ்சுக்கிட்டேன். நாளைக்கு வேற சத்தம் கேட்டாலும் வருவேன். நீ அலமாரின்னுதான் சொல்லுவ. நான் திறந்து பாத்துட்டுத்தான் போவேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி."

லிஃப்ட்காரி சிரித்தாள். பையிலிருந்து திருப்புளியையும் ஒரு துண்டு ரப்பரையும் எடுத்து, நாற்காலி மேல் ஏறினாள். அவள் வேலை முடித்துச் சாத்தியபோது கதவு உதடு மூடுகிற அளவுக்குத்தான் சத்தம் போட்டது. அது ஒட்டுப்பலகைக் கதவின் சத்தம். சத்த அறையில் துண்டைத் தொடாமல் டமாரக்கா இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தியது.

"பரவாயில்ல," என்றாள் தங்கை. "எண்ணெய் விடச் சொல்லல."

டமாரக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "எத்தனை தடவடி? அலமாரின்னு சொன்னது..."

"படம் ஓடுது. சும்மா இரு."

விளம்பரம் வந்தது. தங்கை ரிமோட்டை மடியிலிருந்து எடுத்து, கொஞ்சம் யோசித்து, அக்காவின் வலது கையில் வைத்தாள்.

"நீ புடி. அடுத்த வெள்ளி அந்த சேனல் ஆளு அடிக்க வச்சான்னா, நீயே அமுக்கு."

ரிமோட் சூடாக இருந்தது. நாலு வருடமாக வீட்டில் இருக்கும் சாமான்தான், ஆனாலும் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று டமாரக்காவுக்குத் தெரியாது. தங்கையிடம் கேட்க வாய் வரவில்லை. விரலால் தடவித் தேடினாள். மற்றப் பொத்தான்களில் எழுத்து இருந்தது. ஒன்று மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அதன் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, திரையில் யார் கை எழும்புகிறது என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.