கத்திரிப்பூ நிறச் சட்டை

அக்காவுக்குச் சுத்தம் என்றால் உயிர். உலகக் குத்துச்சண்டைப் போட்டிக்குத் தங்கையின் உதவிப் பயிற்சியாளராக வந்த இடத்திலும் அந்தக் குணம் சும்மா இருக்கவில்லை. விடுதிச் சலவைக்காரரை நம்பாமல், தங்கையின் சிவப்புச் சட்டையையும் நீலச் சட்டையையும் ஒரே வாளியில், கொதிக்கிற வெந்நீரில் ஊறப்போட்டாள். சிவப்பு புத்தம் புதுசு. காலையில் கொடியிலிருந்து எடுத்தபோது நீலம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

அன்று மதியம் அரையிறுதி. தங்கைக்கு நீல மூலை; நீலச் சட்டை போட்டுத்தான் மேடை ஏற வேண்டும்.

"வெளிச்சத்துல பாருங்க மேடம், நீலம் மாதிரிதானே இருக்கு?" என்றாள் அக்கா.

உடை சரிபார்க்கும் அதிகாரி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கு வயசுதாம்மா ஆயிருக்கு, கண்ணு போகல. ஒரு மணி நேரத்துல நீலச் சட்டையோட வாங்க. இல்லன்னா சண்டையே கிடையாது, எதிராளிப் பொண்ணு ஜெயிச்சான்னு எழுதிடுவேன்."

தங்கையின் ஆறு வருட உழைப்பு, விடிவதற்கு முன் ஓடிய ஓட்டம், இரண்டு முறை முறிந்த கட்டைவிரல் எல்லாம் ஒரு வாளித் தண்ணீரோடு போகப் பார்த்தது. அக்கா அறைக்கு ஓடிவந்தால், தங்கையோ கட்டிலில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"திட்டித் தொலைடி!"

"சண்டை முடிஞ்சு திட்டறேன்க்கா. இப்போ மூச்ச மிச்சம் பண்றேன். நீ போய் சட்டை தேடு."

எங்கே தேடுவது? அணியில் இருந்த இன்னொருத்தி அதிக எடைப் பிரிவு. அவள் சட்டைக்குள் தங்கையைப் போல இரண்டு பேர் குடித்தனம் பண்ணலாம். தங்கையின் எடைப் பிரிவில், அதே உடல்வாகில், அந்த விடுதியில் அக்காவுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான்: நேற்றுக் காலிறுதியில் தங்கையிடம் தோற்ற இடக்கைக்காரி. அவள் மூக்கைத் தங்கை பதம் பார்த்தபோது மூலையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் சாட்சாத் இந்த அக்காதான். எந்த முகத்தோடு போய் நிற்பது? இருக்கிற ஒரே முகத்தோடுதான் போனாள்.

கதவு திறந்தது. மூக்கில் பெரிய பிளாஸ்திரி. அக்கா சட்டையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"வெந்நீரா?" என்றாள் இடக்கைக்காரி.

"கொதிக்கக் கொதிக்க."

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, கட்டிவைத்திருந்த பெட்டியைத் திறந்து ஒரு நீலச் சட்டையை எடுத்தாள். நாட்டுப் பெயர் எதுவும் இன்னும் ஒட்டாத, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத சட்டை.

"இறுதிப் போட்டிக்குன்னு எடுத்து வச்சது," என்றாள்.

அக்கா சட்டையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நேத்து நான் அப்படிக் கத்தினது..."

"ஊருக்கே கேட்டுச்சு. இன்னிக்கும் குறையாம கத்துங்க."

அதிகாரி அம்மாள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூன்று சுற்று. முதல் சுற்றில் தங்கை நன்றாக வாங்கினாள், இரண்டாவதில் திருப்பிக் கொடுத்தாள், மூன்றாவதில் இருவருக்குமே கால் தள்ளாடியது. நடுவர்களில் மூன்று பேர் இவள் பக்கம், இரண்டு பேர் அவள் பக்கம். நீலக் கை உயர்ந்தது.

அக்கா கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். தங்கை அவளைத் தாண்டி ஓடி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற இடக்கைக்காரியைக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பின்னாலேயே போனாள்.

"சட்டைய இப்பவே கழட்டித் தரச் சொல்றேன்மா. சாயங்காலம் உங்க டீம் கிளம்புதே."

"நாளைக்கும் உங்களுக்கு நீல மூலைதான், அட்டவணையப் பாத்துட்டேன். சட்டை அவகிட்டயே இருக்கட்டும்," என்றாள் இடக்கைக்காரி. "டீம் கிளம்பட்டும், நான் போகல. என் சட்டை இறுதிப் போட்டியில ஏறுறத நான் பாக்க வேணாமா?"