தொட்டிமேல் வைத்த குச்சி

பிளத்மக்கின் முற்றத்தில் ஏதோ ஒரு நாய் அசிங்கம் பண்ணிவிட்டுப் போயிருந்தது. அந்தக் காலத்து அயர்லாந்து முழுக்க நாய்தான். அதில் எது என்று யார் கண்டது? பிளத்மக் கண்டானாம். பக்கத்துப் பண்ணை லோர்கானின் நாய் கிரான்தானாம்.

"அதை அள்ளிட்டு, சட்டப்படி அதே அளவு வெண்ணெய் குடுத்துடு, லோர்கான்."

"எவன் நாய் போனதுக்கோ நான் எதுக்குடா குடுக்கணும்? போய் மாட்டைக் கற."

ஒரு கைப்பிடி வெண்ணெய். கொடுத்துத் தொலைத்திருக்கலாம். லோர்கானா கொடுப்பான்?

மறுநாள் காலையில் பிளத்மக் இரண்டு சாட்சிகளோடு வந்து, கிரானின் தீனித்தொட்டிமேல் குறுக்கே ஒரு குச்சியை வைத்தான். நாயை ஜப்தி செய்வது அப்படித்தான். வழக்கு தீரும்வரை தீனி கிடையாது. நாய்க்காரன் தரப்பில் குச்சியை அகற்றினால் நாயே வழக்குப் போட்டவனுக்குப் போய்விடும்.

பசியோடு பார்த்த நாயை விட்டுவிட்டு, லோர்கான் பல்லைக் கடித்துக்கொண்டு தீர்ப்பாளரை அழைத்துவர ஓடினான். பிளத்மக்கும் சேர்ந்துகொண்டான். மூவரும் வந்து பார்த்தால் தொட்டிமேல் குச்சி இல்லை. கிரான் அதை வாயில் கவ்விக்கொண்டு வாலாட்டி ஓடிவந்து, லோர்கானின் காலடியில் போட்டது.

"ஐயா, சத்தியமா நான் தொடலை. நாயேதான் எடுத்துது."

தீர்ப்பாளர் குச்சியை எடுத்துத் தூர எறிந்தார். கிரான் பாய்ந்துபோய் எடுத்து வந்தது. அவரிடம் அல்ல, லோர்கானிடம்.

"யாருப்பா பழக்கினது?"

குட்டியிலிருந்து தினமும் லோர்கான்தான் குச்சி எறிந்து விளையாடினான்.

"நீ பழக்கி அது செஞ்சா, நீ செஞ்சதுதான். நாய் பிளத்மக்குக்கு."

"அதுக்கு என்னய்யா தெரியும் சட்டம்?"

"உனக்குத் தெரியுமில்ல? கட்டிப் போட்டுட்டு வர்றதுக்கு என்ன?"

லோர்கானுக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பிளத்மக் நாயின் கழுத்தில் கயிறு போட்டான்.

"டேய், ஒரு பானை வெண்ணெய் தர்றேன். விட்டுட்டுப் போடா."

"நேத்து ஒரு கைப்பிடிதானே கேட்டேன்," என்று சொல்லிப் பிளத்மக் கயிற்றை இழுத்தான்.

கிரான் நகரவில்லை. லோர்கான் ஏன் இன்னும் எறியவில்லை என்று அவன் முகத்தையே பார்த்தது. பிறகு மூக்கால் குச்சியை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளியது.