ரப்பர் செருப்பில் பச்சை

துர்சுன்பெக் முன்புறம் மூடிய ரப்பர் செருப்புக்குள் காலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். ஏதோ ஒரு பூனை உள்ளே வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது. இந்த வாரத்தில் இது முதல் தடவையும் இல்லை.

"உன் ஆளுங்கதான்," என்றார் மனைவியிடம்.

"ஆமா, உங்க பேகிம் மட்டும் பன்னீர்ல குளிச்சிட்டு வந்தவ!" என்றாள் சாய்ரா.

இலையுதிர் காலத்தில்தான் அவர்களுக்குக் கல்யாணம், இருவருக்குமே இரண்டாவது. சாய்ரா தன் மூன்று பூனைகளோடு பிஷ்கெக்கில் அவர் வீட்டுக்குக் குடிவந்தாள். அவரிடம் இரண்டு. கண்ணாடி அடைத்த பால்கனியில் பூனைகள் வெளிக்குப் போக ஐந்து மணல் பெட்டிகள், சமையலறையில் ஐந்து கிண்ணங்கள். அள்ளுவதும் கொட்டுவதுமாகவே அவளுக்குக் காலை போய்விடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவருடைய செத்துப்போன முதல் மனைவியின் மெத்தையில்தான் கிழட்டுப் பூனை பேகிம் இன்னும் படுக்கிறாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான்.

சண்டை முற்றி ஒரு தீர்ப்பில் வந்து நின்றது. எந்தப் பூனை செய்ததோ, அது மலையூரான நாரினில் இருக்கும் அவருடைய தம்பியின் மாட்டுத் தொழுவத்துக்குப் போக வேண்டும். நாரின் குளிரைப் பேகிம் தாங்கமாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

யார் என்று தெரியாமல் சாய்ராவுக்கு மண்டை வெடித்தது. குழந்தைகள் வரையும் க்ரேயானைச் சுரண்டிச் சாப்பாட்டில் கலந்தாள். பேகிமுக்குப் பச்சை, தன் செல்லம் தோருவுக்கு நீலம், மற்றவற்றுக்கும் ஆளுக்கொரு நிறம்.

"பூனைக்குச் சோறு வைக்கிறியா, ஓவியப் போட்டி நடத்துறியா?"

"வெளிய வரட்டும், அப்ப பாருங்க."

வந்தது. செருப்புக்குள், பச்சைப் பொட்டுகளோடு.

துர்சுன்பெக் கூடையை எடுத்துவந்து, பழைய சால்வையை மடித்து உள்ளே விரித்தார்.

ஜெயித்தும் சாய்ராவுக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டிகளை அள்ளப் போனாள். பேகிம் அப்போதுதான் ஒன்றிலிருந்து இறங்கினாள். அவள் மூடிய மணலைக் கிளறினால், நீலம்!

இதென்ன கூத்து? கிண்ணங்களை நிரப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், தோரு கிழவியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அவள் கிண்ணத்தை நக்கித் தீர்த்தான். கிழவி சத்தமில்லாமல் நகர்ந்து, அவன் கிண்ணத்தில் இருந்ததைத் தின்றாள். தின்று முடித்த தோரு பால்கனி வாசலில் ஒரு காலை வைத்தான், குளிரில் உதறினான், ஹீட்டருக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்த செருப்பை நோக்கி நிதானமாகத் திரும்பி நடந்தான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் துர்சுன்பெக் கோட்டு மாட்டியாயிற்று, பேகிமும் கூடைக்குள் போயாயிற்று.

"கோட்டைக் கழட்டுங்க. கிண்ணம் மாறிப்போச்சு. செஞ்சது என் தோரு."

"அப்ப அவனைப் போடவா கூடையில?"

"சொன்ன சொல் சொன்னதுதானே," என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவர் கோட்டைக் கழற்றினார்.

"துரைக்குக் கால் குளிருது, அவ்வளவுதான? யாரும் எங்கயும் போக வேணாம்."

ஒரு மணல் பெட்டியைத் தூக்கிவந்து ஹீட்டருக்கு அடியில் வைத்தார். தன் செருப்பைப் பால்கனிக் குளிரில் கொண்டுபோய் விட்டார்.

அன்று மாலை சாய்ரா பேகிமின் கிண்ணத்தை அந்த மெத்தைக்குப் பக்கத்தில் வைத்து, மற்றவை நுழையாதபடி அறைக் கதவைச் சாத்தினாள். கிழவி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க, அவங்க இவளுக்கு என்ன கொடுப்பாங்க?"

செத்தவளைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆட்டுக்கறி சூப்புல ரொட்டியை ஊறவச்சு, விரலால ஊட்டுவா."

சாய்ரா சூப்பைச் சூடு பண்ண எழுந்தாள்.