பேட்டரிக்குத் தைத்த சட்டை

சாவியைத் திருப்பியதும் வேன் ஒருமுறை முனகியது. இரண்டாவது திருப்பலில் அந்த முனகலும் இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்குகள் பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளைகளைப் போலப் பேந்தப் பேந்த விழித்துவிட்டு அடங்கிப்போயின.

காலை ஐந்தே முக்கால். கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி படிந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த மீட்டர் தன் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு நோட்டை எடுத்து எழுதினாள். வெளியே மைனஸ் ஏழு. நேற்று மாலை பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். இன்று காலை பன்னிரண்டு புள்ளி ஐந்து. சாவியைத் திருப்பும்போது ஏழு புள்ளி ஒன்பது.

மீட்டர் என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். பால் வாங்கினால் தேதி பார்ப்பாள். பேருந்தில் ஏறினால் பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல் ஓட்டுநரிடமும் ஒரு வார்த்தை கேட்பாள். அப்பா தையற்காரர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "என்னைவிட நீதான்டி அதிகமா அளக்கறே" என்பார். மாலை வகுப்பில் வாகன மின்சாரம் படிக்கச் சேர்ந்து நிஜமாகவே ஒரு வோல்ட் மீட்டர் வாங்கிய பிறகு, அந்தப் பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய வேலை எளிமையானது. மூன்று சின்ன மருத்துவமனைகளில் எடுத்து வைத்த ரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வாங்கிக்கொண்டு, ஏழே முக்காலுக்குள் பெரிய ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நேரம் தப்பினால் ரத்தம் வீண். போன வாரம் ஒருநாள் வேன் மக்கர் செய்தபோது பால் லாரிக்காரர் தன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டார். இன்று தெருவில் ஈ காக்கை இல்லை.

எட்டு மணிக்கு ஆய்வகத்து மேலாளர் அம்மாவின் போன் வந்தது.

"எட்டு பேருக்கு மறுபடியும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும். அதுல ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்கறதுக்கே மூணு இடத்துல குத்தியிருக்காங்க. அவர்கிட்ட நீ வந்து சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நாளைக்குக் கண்டிப்பா வந்துடும்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. நாளைக்குப் பெட்டி என் மேசைக்கு வரலேன்னா இந்தப் பெட்டி எடுக்கற வேலையை வேற வண்டிக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் கோவிச்சுக்காதே."

போனை வைத்ததும் மீட்டர் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அது அவள் வழக்கம். உள்விளக்கை அணைக்காமல் விட்டோமோ? கதவைச் சரியாகச் சாத்தவில்லையோ? நோட்டைப் புரட்டினாள். இரவு முழுக்கக் குறைந்தது புள்ளி ஒன்றுதான். விளக்கு எரிந்திருந்தால் இன்னும் எவ்வளவோ இறங்கியிருக்கும். ஆக, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, சாவியைத் திருப்பினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத பேட்டரிக்கு அதற்குள் என்ன கிழட்டுத்தனம்?

அவள் மனத்தில் பேட்டரிக் கடைக்காரர் முகம் வந்து நின்றது. புதுசு என்று சொல்லிப் பழசைத் தள்ளிவிட்டிருப்பாரோ? அன்று வாங்கப் போனவர் அப்பா. அவள் வகுப்புக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் அப்பாவே அதைப் பொருத்தி, அதற்கு ஒரு சட்டையும் தைத்துப் போட்டிருந்தார். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த துணிச்சட்டை. மேலே இரண்டு முனைகளுக்கு மட்டும் இரண்டு காஜா. "குளிர்காலம் வருதில்ல, அதுக்கும் குளிரும்" என்றார். அன்றைக்கு அவளுக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று.

இன்று அந்தச் சட்டையைக் கழற்றினாள். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஐம்பத்தைந்து ஆம்பியர் என்று இருந்தது. கையேட்டில் பார்த்தாள். அவர்கள் வேனுக்குத் தொண்ணூறு.

பேட்டரியைத் தூக்கினாள். சுலபமாக வந்துவிட்டது. இதற்கு முன்னால் இருந்ததைத் தூக்கி இறக்க அப்பாவும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள் என்பது ஞாபகம் வந்தது. அது எழுந்த இடத்தில் இன்னொன்றும் கிடந்தது. கறுப்பு டேப் சுற்றிய ஒரு மரத்துண்டு. தட்டு பெரிது, பேட்டரி சிறிது, ஆடாமல் இருக்க நடுவில் சொருகிய ஆப்பு.

மீட்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டீசல் வேனுக்குப் பெட்ரோல் கார் பேட்டரியை விற்றதும் இல்லாமல், அது பொருந்தாதது தெரியாமலிருக்க மரக்கட்டை வேறு கொடுத்திருக்கிறார் அந்த மனிதர்! பேட்டரியைச் சக்கரம் வைத்த காய்கறிப் பையில் இறக்கினாள். ஆப்பைச் சாட்சிப்பொருள் மாதிரி கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

முன்னறையில் தையல் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"எங்கடி கிளம்பிட்டே?"

"பேட்டரிக் கடைக்கு."

மெஷின் நின்றது.

"அவன்கிட்ட எதுக்கு? சரியான எத்தன். நானே மத்தியானமா பார்த்துக்கறேன்."

"பில் எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

"எங்கேயாவது இருக்கும். பில்லையெல்லாம் யாரு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருப்பா?"

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பில் பார்ப்பவர் அவரேதான். நூல்கண்டு வாங்கிய பில்லைக்கூடக் கம்பியில் குத்தி வைப்பவர். இதை அவள் கவனித்தாள். ஆனால் கோபம் கடைக்காரர் பக்கமாக ஓடிக்கொண்டிருந்ததால் கவனித்ததை அப்படியே ஓர் ஓரமாக வைத்துவிட்டாள்.

பேட்டரிக்கடையில் அமில வாடை அடித்தது. ஒரு மூலையில் நாலைந்து பேட்டரிகள் ஒயர் மாட்டிக்கொண்டு, மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர்களைப் போல வரிசையாகக் கிடந்தன. கடைக்காரர் காதுவரை குல்லாய் இழுத்துவிட்டிருந்தார்.

"வாம்மா. யாரு உடம்புக்கு முடியாம வந்திருக்கறது?"

"அண்ணே, சிரிக்க வரல. எங்க அப்பாகிட்ட நீங்க எதை வித்தீங்க? டீசல் வண்டிக்கு இதைக் கொடுத்தா, இந்தக் குளிர்ல எப்படிக் கிளம்பும்?"

அவர் பேட்டரியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உங்க அப்பா... கழுத்துல நாடா போட்டிருப்பாரே, டெய்லர்?"

"ஆமா."

அவர் பில் புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டி, கார்பன் நகலைக் கண்டுபிடித்து அவள் பக்கம் திருப்பினார். நீல எழுத்தில் தேதி. அதற்குக் கீழே, 'வண்டி: பெட்ரோல் கார், சிறியது.'

"நீங்களா எழுதிக்கிட்டா?"

"ரெண்டு தடவை கேட்டேன்மா. பெட்ரோலா டீசலான்னு. பெட்ரோல்தான், சந்தேகம் இருந்தா வந்து மோந்து பாருங்கன்னாரு. பொருத்தித் தரேன்னேன், வேணாம், எனக்கே தெரியும்னாரு."

"அப்ப இது?" அவள் ஆப்பை மேசையில் டொக்கென்று வைத்தாள். "இதையும் அவரேவா கேட்டு வாங்கினாரு?"

"நான் பேட்டரி விக்கறேன்மா. விறகு விக்கறதில்ல."

அவர் அந்தத் துண்டைப் புரட்டிப் பார்த்தார். டேப்பின் நுனியை நகத்தால் நெருடி, சரசரவென்று பிரித்தார். மஞ்சள் பூசிய வழவழப்பான மரம் தெரிந்தது. அதில் கறுப்புக் கோடுகள். ஒன்பது, பத்து, பதினொன்று. அங்குலங்கள்.

அந்த ஸ்கேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். துணி வெட்டும் மேசையில் கிடக்கும். "கீழே விழுந்து உடைஞ்சிடுச்சு" என்று அப்பா சொன்னது மூன்று மாதத்துக்கு முன்னால். கீழே விழுந்து உடைந்த மரம் இப்படி நேராக, ரம்பம் போட்டாற்போல் உடையுமா? அன்றைக்கு அதை மட்டும் அவள் அளந்து பார்க்கவில்லை.

முகம் சூடாகியது. கடைக்காரர் அதைப் பார்க்காதவர் போலக் குல்லாயைச் சரிசெய்தார்.

"டீசல்னு சொன்னா விலை ஏத்தி, பெருசா ஒண்ணைத் தலையில கட்டிடுவேன்னு பயந்திருப்பாரு. இது புதுசில்ல. வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வராங்க. டீசல்ல பிளக்கு தீப்பொறி போடாதும்மா. காத்தை நெருக்கி நெருக்கித்தான் சூடு ஏத்தணும், அதனால இன்ஜினைச் சுத்தறதுக்கே பலம் ஜாஸ்தி வேணும். குளிர்ல ஆயில் பாகு மாதிரி ஆயிடும். போதாததுக்கு இன்ஜினை முதல்ல சூடாக்கற ஹீட்டர் பிளக் வேற கரண்டை உறிஞ்சும். அதே குளிர் பேட்டரிக்கும் பாதி பலத்தைப் பிடுங்கிடும். குடத்துல தண்ணி நிறைய இருக்கு, வாய் சின்னதா இருக்கு. உங்க கதை அதுதான்."

பன்னிரண்டரை வோல்ட்டும் ஏழு புள்ளி ஒன்பதும் நோட்டில் அடுத்தடுத்த வரியில் இருந்தன. வகுப்பில் ஆசிரியர் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அப்போது எழுதிக்கொண்டாள், இப்போதுதான் புரிந்தது.

"ஆம்பியர் மட்டும் பார்க்காதே. குளிர்ல எவ்வளவு தள்ளும்னு கீழே சின்ன எழுத்துல ஒரு எண் இருக்கும். நீ கொண்டுவந்ததுல பாரு, நானூத்து எண்பது. உனக்கு எண்ணூறாவது வேணும்." அவர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பெரிய பேட்டரியை முக்கிக்கொண்டே இறக்கினார். "இது சரியா இருக்கும். தட்டு அளவு, முனை எந்தப் பக்கம், எல்லாம் ஒத்துப்போகும்."

எண் சரியாகத்தான் இருந்தது. எண்ணூற்று இருபது. அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அப்பா செய்ததற்கு வெட்கப்பட்டு, வாயை மூடிக்கொண்டு வாங்கிப்போவதுதான் மரியாதை என்று மீட்டருக்குத் தோன்றியது. ஆனால் மேல்மூடியில் விரல் வைத்தபோது தூசி ஒட்டியது. மன்னிப்புக் கேட்பதுபோல் தயங்கித் தயங்கி வோல்ட் மீட்டரை எடுத்தாள்.

பன்னிரண்டு புள்ளி மூன்று.

ஓரத்தில் பொறித்திருந்த தேதியைத் தேடினாள். தயாரித்துப் பதினோரு மாதம்.

"அண்ணே, இதே மாதிரி வேற ஒண்ணு உள்ளே இருக்கா?"

"இதுக்கென்ன குறை? சார்ஜ் போட்டா ஏறிடும்."

"ஏறும். ஆனா நாளைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்கு ஏறியிருக்கணும்."

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்பன் பொண்ணுதான், சந்தேகமே இல்ல." உள்ளே போய், அட்டைப்பெட்டியோடு இன்னொன்றைத் தூக்கி வந்தார். பன்னிரண்டு புள்ளி ஏழு. ஒன்றரை மாதம்.

"முதல்ல ஏண்ணே அதை எடுத்தீங்க?"

"கைக்கு எட்டினதும்மா" என்றார் அவர். அப்படியும் இருக்கலாம்.

பழையதைக் கடையிலேயே விட்டு அதன் விலையைக் கழித்துக்கொண்டு, இந்த முறை பில்லில் 'டீசல்' என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் மெஷின் ஓடவில்லை. அப்பா ஒரு காற்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மீட்டர் மரத்துண்டை வெட்டும் மேசையில், மீதி ஸ்கேலின் பக்கத்தில் வைத்தாள். எட்டுக்கு அடுத்து ஒன்பது கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

அப்பா நூலைப் பல்லால் கடித்தார்.

"டீசல்னு தெரிஞ்சா தலையில கட்டிடுவான்டி. அவன் முழியே சரியில்ல."

"கட்டினது யாருப்பா இப்ப?"

"மூணு மாசம் ஓடிச்சா இல்லியா?"

"ஓடிச்சு, வெயில் இருந்த வரைக்கும். இன்னிக்கு எட்டு பேருக்கு மறுபடி ஊசி. ஒரு பெரியவருக்கு மூணு குத்து."

அப்பா விரலில் ஊசி பட்டதுபோல் கையை உதறினார். பட்டதோ என்னவோ.

"சட்டை குளிருக்காகத்தான் தெச்சேன்" என்றார். "அந்த அம்பத்தஞ்சு நம்பரை மறைக்கவும்தான். ரெண்டுக்கும் சேர்த்து."

இதற்கு அவள் தயாராக வரவில்லை. பொய் சொல்வார், அதைப் பிடிக்கலாம் என்றுதான் வழியெல்லாம் வரிசையாகக் கேள்வி அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"புதுசு பெருசு. அந்தச் சட்டை பத்தாது" என்றாள்.

"அளவெடுத்துத் தெச்சுட்டாப் போச்சு."

"தைங்க. ஆனா எண் தெரியற இடத்துல ஒரு ஜன்னல் வெச்சுத் தைங்க."

மறுநாள் காலை மைனஸ் ஒன்பது. அந்தக் குளிர்காலத்திலேயே நோட்டில் ஏறிய மிகக் குறைந்த எண் அதுதான். அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு வேனுக்கு வெளியே நின்றார். தோளில், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய ஜம்பர் ஒயர். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

மீட்டர் சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் பிளக்கின் மஞ்சள் விளக்கு அணையும்வரை எண்ணினாள். பன்னிரண்டு நொடி. பிறகு முழுதாகத் திருப்பினாள். இன்ஜின் ஒரு சுற்று கனமாகப் புரண்டது. அடுத்த சுற்றில் இருமியது. மூன்றாவதில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் அவள் கைக்குள் நடுங்கியது. சுற்றும்போது வோல்ட் பத்து புள்ளி நாலுக்குக் கீழே இறங்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியைத் தட்டினார். அவள் இறக்கினாள்.

"பெட்டி போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. அந்தப் பெரியவருக்கு எப்படி இருக்குன்னும் கேளு."

"கேக்கறேன்."

கியர் போட்டாள். அப்பா நகரவில்லை. கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெருவில் யாராவது கேட்டுவிடப் போகிறார்களோ என்பதுபோல் குனிந்தார்.

"நம்ம பழைய பேட்டரியை அவன் எடுத்துக்கிட்டானே, அதைத் துடைச்சுப் புதுசுன்னு வேற எவன் தலையிலயாவது கட்டிட்டா?"

"போங்கப்பா, எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கிட்டு" என்று சொல்லி மீட்டர் கண்ணாடியை ஏற்றினாள்.

வேன் தெருமுனை திரும்பியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பழைய பேட்டரியின் வரிசை எண் நேற்றே ஏறியிருந்தது. கடைக்காரர் உள்ளே போன அந்த ஒரு நிமிடத்தில், அந்தப் பேட்டரியின் அடிப்பக்கத்தில் சாவியால் ஒரு பெருக்கல் குறியும் அவள் கீறி வைத்திருந்தாள்.