பாக்கியத்தின் இனிப்பு நீர்

கடல் கடந்து வந்த தமிழர்கள் குடியிருந்த காஜா பேராங் என்ற ஊரில், ஒரு டாக்டரின் கிளினிக்கில் சேதுராமன் டிரெஸ்ஸராக இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலந்து கொடுப்பது, சிறுநீர் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. நீல மருந்தில் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை நிறைய இருப்பவர்களுக்கு அது செங்கல் நிறமாகும். பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று அவர்தான் முதலில் கண்டு சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி பாக்கியலட்சுமிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் ஐந்து மாதம்கூட ஆகும். ஒல்லியாக வந்தவள் வருடத்துக்கு வருடம் பருத்தாள். தாடையில் முடி முளைத்தது. பின்கழுத்தில் எவ்வளவு தேய்த்தும் போகாத கறுப்பு படர்ந்தது. யாராவது வந்தால் முந்தானையால் தாடையை மூடிக்கொள்வாள்.

சேதுராமனுக்கு வெட்கமாக இருந்தது. சோற்றைக் குறைக்கச் சொன்னார். அவள் மத்தியானம் ஒரு கரண்டி சோறும் கீரையும் மட்டும் சாப்பிட்டாள். அப்படியும் உடம்பு இறங்கவில்லை. தான் இல்லாத நேரத்தில் தின்கிறாள் என்று முடிவு கட்டி, சீனியையும் பிஸ்கட் டின்னையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு வேலைக்கு எடுத்துப் போனார்.

அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று காலை ஊரே விழா பார்க்கத் திடலுக்குப் போனது. பாக்கியம் புதுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். வெயிலில் உன்னால் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் கூட்டாளிகளோடு கிளம்பினார். காரணம் வெயில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து, பக்கத்து வீட்டு அஞ்சலை கிளினிக்குக்கு வந்தாள். நோயாளிகள் எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள். பாக்கியத்தின் முதுகில் கட்டி உடைந்து பதினைந்து நாளாக ஆறவில்லையாம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டார் சேதுராமன்.

"தின்னுதான் வந்துச்சுன்னு ஏசுவீங்கன்னு பயப்படுது, டிரெஸ்ஸரய்யா."

அவர் உடனே வீட்டுக்குப் போய் ஒரு சின்னக் குப்பியில் அவளுடைய சிறுநீரை வாங்கி வந்தார். கொதிக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே மருந்து செங்கல் நிறமானது. தாகம் எடுக்கிறதா, கட்டி வருகிறதா என்று தினமும் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டவர் அவர். வீட்டில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கண்ணாடிக் குழாயைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் மாதவிலக்கைப் பற்றித்தான் கேட்டார். பரிசோதித்துவிட்டு, சினைப்பையில் கோளாறு இருக்கிறது என்றார். தாடையில் முடியும் இனிப்பு நீரும் சேர்ந்து வருகிற பெண்களை மருத்துவர்கள் முன்பே கண்டறிந்திருக்கிறார்கள், உடம்பு பருப்பதும் அதோடு சேர்ந்ததுதான், பாக்கியம் அதிகமாகத் தின்று வரவழைத்துக்கொண்டதல்ல என்று பொறுமையாக விளக்கினார்.

புண் ஆறும்வரை அவளை அங்கேயே தங்க வைத்தார்கள். வார்டில் பாக்கியத்தின் கட்டில் அருகே உட்கார்ந்து சேதுராமன் சொன்னார்: "உன்னைத் திருடி மாதிரி நடத்திட்டேன், பாக்கியம்."

அவள் சன்னல் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"நீங்க பூட்டுனதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தூக்கத்துல எந்திரிச்சுத் தின்னுடுறேனோன்னு. காலையில வாயில ருசி எதும் இருக்கான்னு பார்ப்பேன்."



பதினெட்டு நாளில் புண் ஆறியது. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார்கள். அதையாவது தன் கையால் செய்யலாம் என்று சேதுராமன் நினைத்திருந்தார். வீட்டுக்கு வந்த முதல் நாளே, கற்றுக்கொடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்றாள் பாக்கியம். அவர் கற்றுக்கொடுத்தார். ஒரே வாரத்தில் அவளுக்குக் கை நடுங்காமல் வந்துவிட்டது.

தீபாவளி கழிந்த பிறகு ஒரு நாள், இன்னும் கோபமா என்று கேட்டார்.

"கோபம் இல்லைங்க. ஆனா உடம்புக்கு ஒண்ணுன்னா இனிமே டாக்டரம்மாகிட்டதான் சொல்லுவேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் அவரும் கூடப் போவார். அவள் தடுக்கவில்லை. டாக்டரம்மா அறைக்குள் மட்டும் அவள் தனியாகப் போனாள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்.